கல்லாவுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர்: யாங்கூன் டீக்கடைக்காரர் ஒருவரின் நெஞ்சுவலியும் நுண்துகள் புகையும்

பின்னணி

யாங்கூன் நகரத்தின் கீழ்ப்பகுதியில், மகாபண்டூலா சாலைக்கும் அனோரத்தா சாலைக்கும் நடுவே ஓடும் குறுந்தெருக்களில் ஒன்றில் தமிழ்க் குடும்பம் ஒன்று டீக்கடை நடத்துகிறது. காலையில் இட்லி, பூரி. மாலையில் பரோட்டா, பால் டீ. அந்தக் காலத்துக் கட்டடங்களுக்கே உரிய அமைப்பு: அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னால் தெரு, பின்னால் சாக்கடைச் சந்து, நடுவில் ஒரு சன்னல்கூட இல்லை. முன்வாசலில் கல்லா, கடைசியில் சமையற்கட்டு. குடும்பம் குடியிருப்பது அதே கட்டடத்தின் நான்காம் மாடியில்.

கடைக்காரருக்கு 58 வயது. பத்தாண்டுகளாகச் சர்க்கரை, அதற்கும் முன்பிருந்தே ரத்த அழுத்தம். 2022ல் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் (அடைத்த தமனியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். சுருட்டை விட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. வெற்றிலை மட்டும் உண்டு, புகையிலை இல்லாமல். மனைவிக்கு 54 வயது, சமையற்கட்டு முழுக்க அவர் பொறுப்பு. மூத்த மகள் கணக்கு வழக்கு பார்க்கிறார்.

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் வருகை

2024 பிப்ரவரி கடைசியில் மகள் அவரை என்னிடம் அழைத்து வந்தார். மூன்று வாரமாக நெஞ்சு இறுக்கம். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், கடைசி வாரத்தில் தினமும். பக்கத்து மருந்துக் கடையில் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

அவர் சொன்னதில் ஒன்று எனக்குப் பொருந்தவில்லை. "நாலு மாடி ஏறுறேன், ஒண்ணும் பண்ணல டாக்டர். கல்லாவுல சும்மா உக்காந்திருக்கேன், அப்பத்தான் கட்டுது." இதயத் தமனி அடைப்பால் வரும் வலி பொதுவாக உழைக்கும்போது வந்து உட்கார்ந்தால் தணியும். இங்கே தலைகீழாக இருந்தது. உட்கார்ந்திருக்கும்போதே வருகிற, நாளுக்கு நாள் கூடுகிற வலியை மாரடைப்பின் முன்னறிவிப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

மருத்துவமனையில்

ஈசிஜியில் பழைய மாரடைப்பின் தடம் தவிரப் புதிதாக எதுவுமில்லை. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் இரண்டு முறையும் இயல்பு. மூன்று நாள் வைத்திருந்து, இதயத் துடிப்பைத் தணிக்கும் பைசோப்ரோலால் அளவைக் கூட்டி, ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரேட் மாத்திரை சேர்த்து அனுப்பினார்கள். மருந்தில் அடங்காவிட்டால் ஆஞ்சியோகிராம் (இதயத் தமனிகளைப் படமெடுக்கும் சோதனை) என்பது இதயநோய் மருத்துவரின் முடிவு. குடும்பத்தின் பண நிலையும் அந்த முடிவில் கலந்திருந்தது.

அங்கே வெளிவந்த இன்னொரு விஷயம்: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டினை அவர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டுக்கொண்டிருந்தார். இறக்குமதி மருந்து விலை ஏறியது ஒரு காரணம், சில மாதம் கிடைக்காமலே போனது இன்னொன்று. இந்த ஊரில் இதய நோயாளியிடம் "மாத்திரை போடுகிறீர்களா" என்று கேட்டால் போதாது. மாத்திரைப் பட்டையை எடுத்து வரச் சொல்லி எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் வலி குறைந்தது, நிற்கவில்லை.

மகளின் நோட்டு

வலி வந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், வலியைத் தணிக்க நாக்கடியில் மாத்திரை வைத்தாரா என்று மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். மகள் நான்காவதாக ஒரு பத்தியைத் தானாகச் சேர்த்திருந்தார்: கரண்ட் இருந்ததா, இல்லையா. கடையின் வரவு செலவு நோட்டில் டீசல் கணக்குக்காக ஏற்கெனவே எழுதிவந்த பழக்கம் அது.

2021க்குப் பிறகு யாங்கூனில் மின்வெட்டு அன்றாடமாகிவிட்டது. அது சுழற்சி முறையில் வரும். ஒருநாள் காலையில் மின்சாரம் இருந்தால் மறுநாள் அதே நேரம் இருக்காது. இந்தச் சுழற்சிதான் எங்களுக்கு உதவியது. வலி எப்போதும் மாலையில் வந்திருந்தால் களைப்பு, வெயில், சாப்பாடு என்று எதைவேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் நோட்டில் வலியின் நேரம் ஒருநாள் காலை, மறுநாள் மதியம் என்று மின்வெட்டின் பின்னாலேயே போனது. பெரும்பாலான வரிகளில் நான்காம் பத்தியில் ஒரே குறிப்பு: "மீசெட் ஓடுது". இங்கே ஜெனரேட்டரை எல்லோரும் மீசெட் என்றுதான் சொல்கிறோம்.

கடையில் பார்த்தது

காற்றில் மிதக்கும் நுண்துகளை அளக்கும் சிறிய லேசர் கருவி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இவ்வகைக் கருவிகள் ஈரக்காற்றில் அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் எண்ணைவிட இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தையே கவனித்தேன்.

ஜெனரேட்டர் நடைபாதையில் இருந்தது. பழைய டீசல் இயந்திரம், திருட்டுப் போகாமலிருக்கச் சங்கிலியால் கடைத் தூணில் கட்டப்பட்டிருந்தது. புகைக்குழாயின் வாய் கல்லாவைப் பார்த்தபடி, அவர் முழங்கால் உயரத்தில். தெருப் பக்கம் திருப்பினால் நடந்துபோகிறவர்கள் திட்டுகிறார்கள் என்று அவரே உள்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். கல்லா மேசையில் விரலை ஓட்டினால் கறுப்பு மை ஒட்டியது. பின்சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தின் கண்ணாடியும் அப்படியே. வாரத்துக்கு ஒருமுறை துடைப்பதாகச் சொன்னார்.

ஜெனரேட்டர் ஓடாதபோது கல்லாவில் இருந்த அளவு தெருவின் அளவை ஒட்டியே இருந்தது. அந்த மாதத்தில் தெருவே மோசம்தான்: உலக சுகாதார அமைப்பு 24 மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும், கன மீட்டர் காற்றுக்கு 15 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டித்தான் கருவி எப்போதும் நின்றது. ஜெனரேட்டரைப் போட்டதும் சில நிமிடத்துக்குள் கல்லாவில் எண் பல மடங்கு ஏறியது. நடுக்கடைக்கும் அது பரவியது, கொஞ்சம் குறைவாக.

எதிர்பாராதது சமையற்கட்டில் இருந்தது. இரண்டு கரி அடுப்புகள். கனன்று சிவந்தபின் துகள் அளவு இறங்கிவிடுகிறது. ஆனால் பற்றவைக்கும் நேரத்தில், பிசின் ஏறிய பைன் மரக் குச்சியைக் கொளுத்தி, அதன்மேல் கரியைக் கொட்டி, அட்டையால் விசிறுகிற அந்த இருபது நிமிடத்தில், கடையில் நான் பார்த்த எல்லா அளவையும்விட எண் அதிகம். தினமும் விடிவதற்கு முன்னும் மதியமும் என்று இரண்டு முறை அந்த அம்மா இதைச் செய்கிறார். அப்போது பின்கதவு மூடியிருக்கிறது, எலி வரும் என்று.

புகை இதயத்தை எப்படித் தொடுகிறது

புகை என்றால் நுரையீரல், இருமல், ஆஸ்துமா என்றுதான் நம் மக்கள் நினைக்கிறார்கள். ஆனால் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு மாரடைப்பும் பக்கவாதமும்தான். அமெரிக்க இதயச் சங்கம் 2010லேயே இதைத் தற்செயல் தொடர்பாக அல்லாமல் காரணத் தொடர்பாக ஏற்றுக்கொண்டது. சில மணி நேரம் முதல் சில வாரம் வரை சுவாசித்தாலே மாரடைப்பைத் தூண்டலாம் என்றது. பல வருடம் சுவாசித்தால் ஆபத்து இன்னும் கூடும்.

வழிகள் மூன்று. துகள் நுரையீரலின் காற்றறைகளில் படிந்து அழற்சியை உண்டாக்குகிறது. அந்த அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, தமனிச் சுவரின் கொழுப்புப் படிவை உறுதியிழக்கச் செய்கின்றன, ரத்தம் உறையும் போக்கையும் கூட்டுகின்றன. இரண்டாவது, நுரையீரலின் நரம்பு முனைகள் வழியாக: சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் ரத்த அழுத்தம் ஏறும், தமனிகள் சுருங்கும், இதயத் துடிப்பின் ஒழுங்கு மாறும். மூன்றாவது, மிக நுண்ணிய துகள்கள் நேரே ரத்தத்துக்குள் போவது. 2017ல் எடின்பரோ ஆய்வாளர்கள் தன்னார்வலர்களைத் தங்க நுண்துகள்களைச் சுவாசிக்க வைத்தார்கள். சிறிது நேரத்திலேயே தங்கம் ரத்தத்தில் தென்பட்டது. கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிந்திருந்தவர்களுக்கு அந்தப் படிவிலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

நம் நோயாளிக்கு இதைவிட நெருக்கமானது அதே குழுவினர் 2007ல் வெளியிட்ட ஆய்வு. முன்பு மாரடைப்பு வந்து சீராக இருந்த 20 ஆண்களை, ஒருமுறை நீர்த்த டீசல் புகையிலும் ஒருமுறை சுத்தக் காற்றிலும் ஒரு மணி நேரம் வைத்து, இடையிடையே சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். டீசல் புகையில் இதயத் தசைக்கு ரத்தம் போதாமை ஈசிஜியில் கூடுதலாகத் தெரிந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கிற டிபிஏ என்ற இயற்கைப் பொருளும் குறைவாகச் சுரந்தது. பின்னர் ஆரோக்கியமான ஆண்களிடம் செய்த ஆய்வில், புகைக்குத் துகள் வடிகட்டி பொருத்தியபோது ரத்தக்குழாய்க் கோளாறும் உறைவுப் போக்கும் தடுக்கப்பட்டன.

ஒரு எச்சரிக்கை. ஜெனரேட்டர் புகையிலும் கரி அடுப்பிலும் துகள் மட்டும் வருவதில்லை, கார்பன் மோனாக்சைடும் வருகிறது. அது ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைத்து, அடைப்பு உள்ளவருக்கு வலியைச் சீக்கிரம் வரவழைக்கும். என்னிடம் அதை அளக்கும் கருவி இல்லை. ஆகவே அவருடைய வலிக்குத் துகள்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். புகை காரணம் என்பேன்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு மருந்து. அட்டோர்வாஸ்டாட்டினைத் தினமும், முழு அளவில். விலை குறைந்த இந்தியத் தயாரிப்பு ஒன்றுக்கு மாற்றி மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்தார்கள். காற்றைச் சரிசெய்வது மருந்துக்கு மாற்று அல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏனென்றால் ஜெனரேட்டர்தான் குற்றவாளி என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றுதான் அவர் கேட்டார்.

ஜெனரேட்டருக்கு முதலில் செய்தது புகைக்குழாயை நீட்டி மேலே ஏற்றியது. இரண்டாம் நாளே முதல் மாடி வீட்டார் இறங்கி வந்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, அங்கே ஒரு கைக்குழந்தை. மின்வெட்டு நேரத்தில் மகளைக் கல்லாவில் உட்கார வைக்கலாம் என்பது குடும்பத்தின் யோசனை. புகையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவது எனக்குச் சம்மதமில்லை என்றேன். மகளுக்கு 27 வயது, அந்த மாதம் கர்ப்பம் வேறு.

கடைசியில் வழி சொன்னது ஒரு மின்பணியாளர். கடையில் ஜெனரேட்டர் எதற்கெல்லாம் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். விளக்கு, மின்விசிறி, ஒரு குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார். இவற்றில் நாள் முழுக்கத் தேவைப்பட்டது விளக்கும் விசிறியும்தான். அதற்கு லித்தியம் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் போதும். குளிர்பெட்டிக்கும் மோட்டாருக்கும் பக்கத்து இரண்டு கடைக்காரர்களோடு சேர்ந்து, தெருமுனையில் திறந்த இடத்தில் ஒரு ஜெனரேட்டரைப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். அவரவர் டீசல் செலவும் குறைந்ததால்தான் அந்த இருவரும் ஒத்துக்கொண்டார்கள். இதய நலம் என்று சொல்லிக் கேட்டிருந்தால் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

முகக்கவசம். 2012ல் வெளியான பெய்ஜிங் ஆய்வு ஒன்றில், இதய நோயாளிகள் நன்றாகப் பொருந்தும் துகள் வடிகட்டிக் கவசம் போட்டு நடந்தபோது ரத்த அழுத்தமும் ஈசிஜி மாறுதலும் குறைந்தன. அந்த நம்பிக்கையில் என்95 கொடுத்தேன். மார்ச் மாத வெக்கையில், வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே இருக்கிற தொழிலில், அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சாலையில் போகும்போது மட்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

நடைப்பயிற்சி. விடியற்காலை ஐந்தரைக்கு மகாபண்டூலா பூங்காவைச் சுற்றி நடப்பார். விடியற்காலைக் காற்று சுத்தம் என்பது நம்மவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. மழை மாதங்களில் அது சரி. ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மலைப்பக்கம் தவுங்யா சாகுபடிக்குக் காட்டை எரிக்கும் புகையும், வயலில் நெல்தாளைக் கொளுத்தும் புகையும், நகரத்துப் புகையும் இரவில் குளிர்ந்த தரைக்காற்றோடு கீழேயே தங்கிவிடுகின்றன. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மேலே கலையும். நடையை எட்டரை மணிக்கு மாற்றினோம். ஏப்ரலில் வெயில் கொளுத்தியபோது நிறுத்தச் சொல்லி, படி ஏறுவதோடு விட்டோம்.

கோயில் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருந்தது. பங்குனி உத்திர அன்னதானத்துக்கு விறகு அடுப்புப் பக்கம் நின்று மேற்பார்வை பார்ப்பது அவர் குடும்பத்துக்குத் தலைமுறையாக வந்த பொறுப்பு. வேண்டாம் என்றால் மனசு உடைந்துபோவார். "பரிமாறுற வேலைய எடுத்துக்குங்க அண்ணே, அடுப்பு வேலைய தம்பிகிட்ட விடுங்க" என்று சொன்னது நான் அல்ல, கோயில் நிர்வாகி. அது எடுபட்டது.

பிறகு நடந்தது

இன்வெர்ட்டர் வந்தது மார்ச் மூன்றாம் வாரம். அடுத்த பத்து நாளில் வலி வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. ஆனால் அதே சமயத்தில் பைசோப்ரோலால், நைட்ரேட், முழு அளவு ஸ்டாட்டின் எல்லாமே உள்ளே போய்க்கொண்டிருந்தன. எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது.

ஓரளவு பிரித்துக் காட்டியது ஒரு பழுது. ஏப்ரல் தொடக்கத்தில் இன்வெர்ட்டர் கெட்டுப்போய், உதிரி வரும்வரை பழைய ஜெனரேட்டரைத் தூசி தட்டி அதே தூணில் கட்டி ஓட்டினார்கள். மருந்து எதுவும் மாறவில்லை. மூன்றாம் நாளிலிருந்து நோட்டில் வலி மறுபடி தினசரி வரியானது. இன்வெர்ட்டர் திரும்பியதும் அடங்கியது. அந்த ஏப்ரல் கடுமையான வெயில் மாதம், மத்திய பர்மாவின் சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவானது. யாங்கூனிலும் வெக்கை தாங்க முடியவில்லை. வெப்பமும் இதயத்துக்குச் சுமைதான். ஆனால் இன்வெர்ட்டர் சரியான பிறகும் வெயில் குறையவில்லை, வலி குறைந்தது. ஒரே ஆளிடம் கண்டதை வைத்து இதற்கு மேல் சொல்வது சரியாகாது.

மே பாதியில் மழை பிடித்தது. ஜூனில் நாக்கடி மாத்திரை எடுக்க வேண்டிய அவசியம் ஒருமுறைகூட வரவில்லை.

சமையற்கட்டில் இருந்தவர்

கருவியோடு போன அன்றே அந்த அம்மாவுக்கும் ரத்த அழுத்தம் பார்க்கலாம் என்றேன். "நான் என்ன சுருட்டா குடிக்கிறேன் டாக்டர்? அவரைப் பாருங்க" என்று அடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. மகள் வற்புறுத்தி உட்கார வைத்தார். 168/96. வேறொரு நாள் பார்த்தபோதும் ஏறத்தாழ அதே அளவு. முப்பது வருடம் கரியடுப்பு முன்னால் நின்றவர், வாழ்நாளில் புகைபிடிக்காதவர். அதனாலேயே எந்த மருத்துவரும் அவரிடம் புகை பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில் திறந்த விறகடுப்புக்குப் பதில் புகைபோக்கி அடுப்பு கொடுத்தபோது, பெண்களின் மேல் அழுத்தம் சராசரியாக 3.7, கீழ் அழுத்தம் 3.0 என்ற அளவில் குறைவாக இருந்தது. ஒரு மாத்திரை செய்வதைவிடக் குறைவுதான். ஆகவே ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் ஆரம்பித்தேன், அடுப்பையும் விடவில்லை.

கேஸ் அடுப்புக்கு முழுதாக மாறுவது நடக்கவில்லை. சிலிண்டர் விலையும், கிடைக்காமல் போகும் நாட்களும் காரணம். பரோட்டாக் கல்லுக்குக் கரிச்சூடுதான் சரிவரும் என்று அவர் பிடிவாதமாக இருந்தது இன்னொரு காரணம். இட்லிக்கும் பாலுக்கும் மட்டும் கேஸ் வந்தது. கரியைப் பின்சந்தில் வைத்துப் பற்றவைத்து, சிவந்தபின் இரும்பு வாளியில் உள்ளே கொண்டுவருவது என்று முடிவானது. இது அவருடைய சொந்த யோசனை. காசு செலவில்லாத இந்த மாற்றம்தான் சமையற்கட்டில் கருவி காட்டிய எண்ணை அதிகம் இறக்கியது. ஆனால் கனலும் கரி துகளைக் குறைவாக விட்டாலும் கார்பன் மோனாக்சைடை நிறையவே விடும். அதனால் பின்கதவுக்குக் கம்பிவலை அடித்து, எலி வராமல் திறந்தே வைத்தார்கள். ஆகஸ்டில் அவருடைய அழுத்தம் 138/84. மாத்திரையின் பங்கு எவ்வளவு, அடுப்பின் பங்கு எவ்வளவு என்பது இங்கும் பிரிக்க முடியாத கணக்கு.

அடுத்த வெயில் காலம்

2025 பிப்ரவரியில் வானம் மறுபடி மங்கியது. கல்லாவில் ஜெனரேட்டர் இல்லை, மருந்து ஒழுங்காகப் போகிறது. இருந்தும் மாதக் கடைசியில் வலி திரும்பியது. இந்தமுறை மின்வெட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. மூன்றாம் மாடி ஏறும்போது வந்தது, நின்றால் போனது. நோட்டைப் பார்த்ததும் இது வேறு கதை என்று தெரிந்தது. ஆஞ்சியோகிராமில் முன்பு ஸ்டென்ட் வைத்த தமனி திறந்திருந்தது, இன்னொரு தமனியில் புதிய அடைப்பு. இரண்டாவது ஸ்டென்ட் வைக்கப்பட்டது. மூன்று வாரத்தில் கடைக்குத் திரும்பினார்.

புகையை அகற்றியது வலியைத் தூண்டும் ஒரு காரணத்தை நீக்கியது. சர்க்கரையும் வயதும் பல வருடக் காற்றும் சேர்ந்து தமனிக்குள் கட்டியதை அது அழித்துவிடவில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்ய இருப்பவை

"புகைபிடிக்கிறீர்களா" என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன்: ஒருநாளில் எத்தனை மணி நேரம் புகைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், எது புகைகிறது? ஆணிடம் ஜெனரேட்டர், பெண்ணிடம் அடுப்பு என்று ஊகிக்காமல் இருவரிடமும் இரண்டையும் கேட்க வேண்டும். வீட்டில் சாம்பிராணி, கொசுவத்தி பற்றியும்.

வலிக் குறிப்பில் மின்சாரப் பத்தியை இப்போது எல்லா இதய நோயாளிகளுக்கும் சேர்த்துவிட்டேன். பெரும்பாலோருக்கு அதில் எதுவும் தெரிவதில்லை. தெரிந்த சிலருக்கு ஜெனரேட்டரை இடம் மாற்றுவதே முதல் வேலை.

முகக்கவசத்தை முதல் ஆலோசனையாகச் சொல்வதில்லை. புகையின் மூலத்தை நகர்த்த வழியே இல்லாதபோதுதான் அது. புகைக்குழாயை நீட்டுவதற்கு முன் மேல்மாடி யாருடையது என்று கேட்டுக்கொள்கிறேன்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கி, கரியடுப்பும் ஜெனரேட்டரும் உள்ள வீடுகளுக்கு வாரக் கணக்கில் இரவல் கொடுக்கிறோம். அது இப்போது இருப்பது இதே தெருவின் பொற்கொல்லர் பட்டறை ஒன்றில். அங்கே வேலை செய்யும் மூவரில் இருவருக்கு ரத்த அழுத்தம், ஒருவருக்கு ஏற்கெனவே ஸ்டென்ட்.